மதர்போர்டு போய்விட்டதா? முடிவு செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள்!

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்றால் பல நேரங்களில் நாம் கேட்கும் பதில் ஒன்றுதான்: "மதர்போர்டு போயிடுச்சு." அதைத் தொடர்ந்து அடுத்த வாக்கியமும் வரும்: "இந்த மாடலுக்கு இப்போ போர்டு கிடைக்காது. புதுசா வாங்கிடுங்க." கம்ப்யூட்டர் பழையது என்றால் இந்தத் தீர்ப்பு இன்னும் வேகமாக வந்துவிடும்.

மதர்போர்டு பழுதாவது உண்டுதான். ஆனால் மதர்போர்டு பழுதானால் என்ன அறிகுறி தெரியுமோ, அதே அறிகுறி ராம் சரியாகப் பொருந்தாவிட்டாலும் தெரியும். எஸ்.எம்.பி.எஸ். பலவீனமானாலும் தெரியும். பிராசஸரின் மேல் உள்ள ஃபேன் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றாலும் தெரியும். எனவே அறிகுறியை மட்டும் பார்த்து எந்தப் பாகம் பழுது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, எந்த இடத்தில் நிலைமை மாறுகிறது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். அதற்கு இன்ஜினீயரிங் படிப்பு தேவையில்லை. பொறுமையும், ஒரு ஸ்குரூ டிரைவரும், ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும்.

இன்று முதன்முறையாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலர் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரையே வாங்குகிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசஸர்களை ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்களில் ஓடிய கம்ப்யூட்டர்கள் குறைந்த விலைக்கு வீடுகளுக்கு வருகின்றன. அப்படி ஒன்றை வாங்கியவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

படிப்பதற்கு எளிதாக இருக்க, நான் சோதித்த ஒரு கம்ப்யூட்டரையே கட்டுரை முழுவதும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

போடிநாயக்கனூருக்கு அருகில் உள்ள சிலமலையில் என் மாமா வீடு இருக்கிறது. அவருக்கு மலைக்கு மேலே கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். அங்கே ஒரு பழைய கோர் 2 டூயோ கம்ப்யூட்டரில் ஆள் சம்பளம், காய் எடுத்த கணக்கு, ஏலத்தில் விற்ற ரசீது விவரம் எல்லாவற்றையும் பல வருடங்களாக ஏற்றி வைத்திருந்தார். மகள் கல்யாணப் போட்டோக்களும் அதில்தான் இருந்தன. அந்தக் கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றி, மலைப்பாதை வளைவுகளில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, மானிட்டரில் எதுவும் வரவில்லை. கடையில் காட்டியபோது மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். "கணக்கு பூரா போச்சா மாப்ளே?" என்பதுதான் மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

அவர் கேட்ட வரிசைதான் சரியான வரிசை. கம்ப்யூட்டரை மறுபடி வாங்கலாம். கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

முதல் வேலை: டேட்டாவைக் காப்பாற்றுங்கள்

மதர்போர்டு போனால் ஹார்டு டிஸ்க்கில் உள்ளதும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உங்கள் ஃபைல்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. மதர்போர்டு எரிந்து போனாலும் ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கலாம்.

பவர் கார்டை பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். அதில் இரண்டு ஒயர்கள் இருக்கும்: ஒன்று டேட்டா கேபிள், மற்றொன்று பவர் கேபிள். சாட்டா டிஸ்க்கை யு.எஸ்.பி. வழியாக இணைக்க சிறிய கன்வெர்ட்டர் கிடைக்கிறது. 3.5 அங்குல டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் தனி அடாப்டருடன் வரும் கன்வெர்ட்டரையே வாங்க வேண்டும், யு.எஸ்.பி. தரும் மின்சாரம் மட்டும் அதற்குப் போதாது. இந்தக் கன்வெர்ட்டர் மூலம் வேறு ஒரு கம்ப்யூட்டரில் இணைத்து முக்கியமான ஃபோல்டர்களை முதலில் காப்பி செய்யுங்கள். மாமாவின் டிஸ்க்கை இப்படித்தான் என் லேப்டாப்பில் இணைத்தேன். கணக்கு ஃபைல்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் சில போட்டோக்கள் காப்பி ஆகும்போது நீண்ட நேரம் அப்படியே நின்று பிறகு நகர்ந்தது. இதன் காரணத்தைப் பின்னால் ஹார்டு டிஸ்க் பகுதியில் பார்ப்போம்.

டேட்டா கையில் வரும்வரை ஃபார்மேட் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அது டேட்டா மீட்பு நிபுணர்களின் வேலை.

கைவைக்கும் முன்

* ஒவ்வொரு முறை பாகத்தைக் கழற்றும் போதும் பவர் கார்டை பிடுங்கிவிடுங்கள். ஷட் டவுன் செய்திருந்தாலும் கார்டு செருகி இருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

* கார்டை பிடுங்கிய பின் பவர் பட்டனை ஒருமுறை சில விநாடிகள் அழுத்துங்கள். மிச்சமுள்ள மின்சாரம் வடிந்துவிடும்.

* எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கலாம். கார்டை பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கலாம்.

* மதர்போர்டையும் ராமையும் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள ஸ்டேடிக் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

* மலையிலிருந்தோ ஏ.சி. அறையிலிருந்தோ குளிர்ந்த நிலையில் வந்த கம்ப்யூட்டரை உடனே ஆன் செய்யாதீர்கள். வெதுவெதுப்பான காற்று பட்டால் உள்ளே வியர்த்துவிடும். சில மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள்.

* ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததையும் அதன் விளைவையும் நோட்டில் எழுதுங்கள். மூன்று மாற்றங்களைச் சேர்த்துச் செய்து கம்ப்யூட்டர் ஓடிவிட்டால், எது காரணம் என்று உங்களுக்குத் தெரியாது. மறுபடி நின்றால் பழைய இடத்துக்கே வருவீர்கள்.

சுவரில் இருந்து தொடங்குங்கள்

பல "ஹார்டுவேர் கோளாறுகள்" கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கின்றன. முதலில் யு.பி.எஸ்.-ஐ விலக்கிவிட்டு நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த யு.பி.எஸ். கரண்ட் ஒரு கணம் துடித்தாலே கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிடும். பழி எஸ்.எம்.பி.எஸ். மேல் விழும்.

அடுத்தது எர்த். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறிய கெபாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியாகக் கசியும் சிறிதளவு மின்சாரம் எர்த் ஒயர் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அது கேபினட்டிலேயே தங்கிவிடுகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னாகப் பயன்படுத்துவது மிகவும் ஆபத்தானது.

மூன்றாவது இடி மின்னல். சித்திரை கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மலையடிவாரத்தில் இடி பலமாக இருக்கும். இடிக்கும் நேரத்தில் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். ரௌட்டரில் இருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். இப்போது ஃபைபர் இணைப்பு வந்துவிட்டதால் டெலிபோன் ஒயர் வழியாக வந்த ஆபத்து குறைந்துள்ளது. ஆனால் ரௌட்டரின் அடாப்டரும் லேன் கேபிளும் இன்னும் செம்பு ஒயர்கள்தான்.

எந்த வகைக் கோளாறு?

இனி கம்ப்யூட்டருக்குள் செல்வோம். முதலில் உங்கள் கோளாறு கீழ்க்கண்ட மூன்றில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்.

1. பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. ஃபேன் சுற்றவில்லை.

2. ஃபேன் சுற்றுகிறது. மானிட்டரில் எதுவும் வரவில்லை.

3. மானிட்டரில் வருகிறது. ஆனால் நடுவில் நின்றுவிடுகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது அல்லது நீலத்திரை காட்டுகிறது.

முதல் வகை என்றால் எஸ்.எம்.பி.எஸ்., பவர் பட்டன் ஒயர் ஆகியவற்றில் தொடங்குங்கள். இரண்டாவது வகை என்றால் ராம், டிஸ்பிளே கார்டு, பிறகு மதர்போர்டு. மூன்றாவது வகை என்றால் சூடு, எஸ்.எம்.பி.எஸ்., ராம், ஹார்டு டிஸ்க்.

மானிட்டரையும் மறந்துவிடாதீர்கள். திரையில் "நோ சிக்னல்" என்று எழுத்து வந்தால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது, சிக்னல்தான் வரவில்லை என்று பொருள். தனி டிஸ்பிளே கார்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் உள்ள வி.ஜி.ஏ. சாக்கெட்டில் மானிட்டரை இணைத்துப் பாருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.-ஐச் சோதித்தல்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். பவர் கார்டை பிடுங்கிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.-இல் இருந்து வரும் எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். பெரிய 24 பின் கனெக்டரில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். பச்சை ஒயரின் துளையையும் பக்கத்தில் உள்ள ஏதேனும் ஒரு கறுப்பு ஒயரின் துளையையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணையுங்கள். இப்போது கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டால் எஸ்.எம்.பி.எஸ்.-இன் ஃபேன் சுற்ற வேண்டும். பவர் பட்டன் செய்யும் வேலையைத்தான் இந்த ஜெம் கிளிப் செய்கிறது. ஃபேன் சுற்றவே இல்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம் வலுக்கிறது.

ஃபேன் சுற்றினால் மட்டும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்று முடிவு செய்யாதீர்கள். வோல்டேஜைப் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரில் வைத்து, சிவப்பு முனையை மற்ற நிறங்களில் வைக்க வேண்டும்.

மஞ்சள்: 12 வோல்ட். 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம்.

சிவப்பு: 5 வோல்ட். 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம்.

ஆரஞ்சு: 3.3 வோல்ட். 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம்.

ஊதா: 5 வோல்ட் ஸ்டாண்ட்பை. கார்டு செருகியிருந்தாலே இது இருக்கும்.

மாமாவின் எஸ்.எம்.பி.எஸ். இந்தச் சோதனையில் தேறிவிட்டது. மஞ்சளில் 12.1 வோல்ட் காட்டியது. ஆனால் இது சுமை இல்லாத சோதனை. காலி லாரி மேடு ஏறுவதைப் பார்த்து, லோடு ஏற்றினாலும் ஏறும் என்று சொல்லிவிட முடியுமா? அதனால் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிய பிறகு இரண்டாம் முறை சோதிக்க வேண்டும். அப்போது மதர்போர்டு கனெக்டரில் மீட்டர் முனையைச் செருக வேண்டாம். பயன்படுத்தாமல் தொங்கிக்கொண்டிருக்கும் 4 பின் கனெக்டரிலேயே மஞ்சளும் சிவப்பும் கிடைக்கும். மீட்டரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிர் இருக்கிறதா? பீப் சொல்லும்

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பயாஸ் தன்னைத்தானே ஒரு சோதனை செய்துகொள்ளும். இதற்குப் போஸ்ட் என்று பெயர். சோதனையில் ஏதேனும் தவறு இருந்தால், மானிட்டருக்குப் படம் அனுப்ப முடியாத நிலையிலும் பீப் ஒலி மூலம் அது சொல்லிவிடும். இந்த ஒலி சவுண்ட் கார்டில் இருந்து வருவதில்லை. மதர்போர்டில் செருகும் சிறு ஸ்பீக்கரில் இருந்து வரும். செகண்ட் ஹேண்ட் கேபினட்டுகள் பலவற்றில் இந்த ஸ்பீக்கரே இருக்காது. மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் பொருள்தான், வாங்கிச் செருகுங்கள்.

இனி முக்கியமான சோதனை. ஹார்டு டிஸ்க், டி.வி.டி. டிரைவ், யு.எஸ்.பி. பொருட்கள், தனி கார்டுகள், எல்லா ராம்களையும் கழற்றிவிடுங்கள். மதர்போர்டு, பிராசஸர், அதன் ஃபேன், எஸ்.எம்.பி.எஸ்., ஸ்பீக்கர் ஆகியவை மட்டும் இருக்கட்டும். இப்போது ஆன் செய்யுங்கள். "ராம் இல்லை" என்று பீப் ஒலி விடாமல் வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள்! பிராசஸர் இயங்குகிறது, பயாஸ் இயங்குகிறது, மதர்போர்டுக்கு மின்சாரம் போகிறது என்று அர்த்தம். இறந்து போன மதர்போர்டு ராமைத் தேடிக் கத்தாது.

மாமாவின் கம்ப்யூட்டர் கத்தியது. கடையில் சொன்ன தீர்ப்பு அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

பீப் ஒலியின் அர்த்தம் பயாஸ் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவார்டு பயாஸில் ஒரு நீள ஒலியும் இரண்டு குட்டை ஒலியும் வந்தால் டிஸ்பிளே கோளாறு. நீள ஒலி திரும்பத் திரும்ப வந்தால் ராம். உங்கள் மதர்போர்டின் மேனுவலில் சரியான பட்டியல் இருக்கும். ராம் இல்லாமலும் சத்தமே வரவில்லை என்றால்தான் பிராசஸர் அல்லது மதர்போர்டு மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் பிராசஸருக்குப் போகும் 4 பின் பவர் கனெக்டர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ராமும் அதன் ஸ்லாட்டும்

அடுத்து ஒரே ஒரு ராமை முதல் ஸ்லாட்டில் செருகி ஆன் செய்யுங்கள். வரவில்லையா? அதே ராமை இரண்டாவது ஸ்லாட்டில் செருகிப் பாருங்கள். பிறகு அடுத்த ராமை இதே போல் சோதியுங்கள். இரண்டு ராம், இரண்டு ஸ்லாட் என்றால் மொத்தம் நான்கு சோதனைகள். நான்கின் விளைவையும் எழுதினால் விடை தானாகத் தெரிந்துவிடும். ஒரு ராம் எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால் ராம் பழுது. ஒரு ஸ்லாட்டில் எந்த ராமும் ஓடவில்லை என்றால் ஸ்லாட் பழுது.

மாமாவின் கம்ப்யூட்டரில் இரண்டு ராமும் இரண்டாவது ஸ்லாட்டில் ஓடின. முதல் ஸ்லாட்டில் எதுவும் ஓடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த ஸ்லாட்டுக்குள் தூசி பசைபோல் ஒட்டியிருந்தது. மலைமேல் மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் உண்டு. ஈரம் தூசியோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஜீப் குலுக்கலில் ராம் லேசாக நகர்ந்து, அந்த அழுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டது. மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் கொண்டு ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, நன்கு காயவிட்டு, ராமைச் செருகினேன். திரை வந்தது.

ராமின் தங்க நிறப் பட்டைகளை மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைக்கலாம். உப்புத்தாள் கூடாது. ராமைச் செருகும்போது இரு பக்கக் கிளிப்பும் "டக்" என்று தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

திரை வந்துவிட்டாலே ராம் நல்லது என்று ஆகிவிடாது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுவதும் ஓடவிடுங்கள். விண்டோஸ் இல்லாமலே இது ஓடும். பழைய பயாஸ் கம்ப்யூட்டர்களிலும் வேலை செய்யும். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அதை அலட்சியம் செய்யாதீர்கள். பழுதான ராம் உங்கள் ஃபைல்களைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். இரண்டு ராம் இருந்தால் தனித்தனியே ஓட்டி, எது என்று கண்டுபிடியுங்கள்.

உப்பிய கெபாசிட்டர்

மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றிச் சிறு டப்பாக்கள் போல நிற்பவை கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதேனும் கசிந்திருந்தாலோ அதுவே உங்கள் கோளாறாக இருக்கலாம். கம்ப்யூட்டர் நாலைந்து முறை முயன்ற பிறகு ஆன் ஆவது, காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆவது ஆகியவை இதன் அறிகுறிகள். சாலிடரிங் தெரிந்த நல்ல டெக்னீஷியன் அவற்றை மாற்றிவிடுவார்.

இதில் ஒரு பெரிய கதையே உண்டு. 2000-களின் முதல் பாதியில் வந்த பல நிறுவனங்களின் மதர்போர்டுகளில் தரம் குறைந்த கெபாசிட்டர்கள் இருந்தன. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் வரிசை அதிகம் பாதிக்கப்பட்டது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை இந்த வரிசையில் 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்களை டெல் அனுப்பியதாக நீதிமன்ற ஆவணங்களை மேற்கோள் காட்டி 2010-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்து நின்றபோது, கடினமான கணக்குகளைப் போட வைத்ததால்தான் பழுதாகிவிட்டன என்று டெல் தரப்பில் சொன்னார்களாம்! பாகத்தைச் சோதிக்காமல் பயன்படுத்தியவர் மேல் பழிபோடுவது போடியில் மட்டும் நடப்பதில்லை.

சூடும் சுமையும்

பத்து, இருபது நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது என்றால் முதலில் சூட்டைப் பாருங்கள். பயாஸுக்குள் சென்றால் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பக்கத்தில் பிராசஸரின் வெப்பநிலை தெரியும். ஆன் செய்த ஓரிரு நிமிடத்தில் கிடுகிடுவென ஏறினால், ஹீட்சிங்க் பிராசஸரின் மேல் சரியாக உட்காரவில்லை. இன்டெல் கோர் 2 வகைக் கம்ப்யூட்டர்களில் ஹீட்சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் பின்கள்தான் பிடித்திருக்கின்றன. வண்டிக் குலுக்கலில் ஒரு பின் கழன்றாலே போதும். தூசியைச் சுத்தம் செய்து, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, நான்கு பின்களையும் அழுத்திப் பொருத்துங்கள்.

மாமாவின் கம்ப்யூட்டரில் வெப்பநிலை சரியாக இருந்தது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆனது. மெம்டெஸ்ட் இரவு முழுவதும் ஓடி ஒரு பிழையும் காட்டவில்லை. அப்போதுதான் எஸ்.எம்.பி.எஸ்.-க்கு இரண்டாம் சோதனை. பிராசஸருக்கு வேலை கொடுத்துவிட்டு மஞ்சள் ஒயரை அளந்தேன். சுமையில்லாதபோது 12.1 காட்டியது இப்போது 11.1-க்கு இறங்கிவிட்டது. இது 11.4 என்ற எல்லைக்குக் கீழே. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.-ஐக் கடன் வாங்கி மாட்டி, நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்தோம். ரீஸ்டார்ட் இல்லை. கடன் வாங்கிய பாகத்தை வைத்து உறுதி செய்துகொண்ட பிறகே புதிது வாங்கினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஹார்டு டிஸ்க் சொல்லும் எண்கள்

எல்லா ஹார்டு டிஸ்க்குகளும் தங்கள் உடல்நிலையைத் தாங்களே பதிவு செய்கின்றன. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இதைப் பார்க்கலாம். நான்கு வரிகளைக் கவனியுங்கள்.

05: கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள்.

சி5: படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டார்கள்.

சி6: சரிசெய்ய முடியாத செக்டார்கள்.

சி7: டேட்டா கேபிளில் ஏற்பட்ட பிழைகள். இது ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாக இருக்கிறது, சாட்டா கேபிளை மாற்றினால் போதும்.

மற்றொன்று: இந்த மென்பொருள் கடைசிப் பத்தியில் எண்களைப் பதினாறு அடிப்படையில் காட்டும். மாமாவின் டிஸ்க்கில் சி5-க்கு நேராக 18 என்று இருந்தது. நம் வழக்கமான எண்ணில் அது 24. போட்டோக்கள் காப்பி ஆகும்போது நின்று நின்று போனதன் காரணம் இந்த 24 செக்டார்கள்தான்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்கேன் செய்யும்போது முதல் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் காட்டாமலே பழுதாயின. எனவே எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதற்காக பேக்கப் எடுக்காமல் இருக்காதீர்கள்.

சின்னப் பேட்டரி, பெரிய குழப்பம்

ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய தேதிக்குப் போகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. இது 3 வோல்ட் பேட்டரி. தேதி தவறாக இருந்தால் இன்டர்நெட் இணைப்பு இருந்தும் வெப்சைட்டுகள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் உங்கள் கம்ப்யூட்டரின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே காரணம். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி ஏற்றும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

எதற்குச் செலவு செய்யலாம்?

மாமாவின் கம்ப்யூட்டரில் மொத்தம் மூன்று கோளாறுகள்: அழுக்கான ராம் ஸ்லாட், பலவீனமான எஸ்.எம்.பி.எஸ்., சாகத் தொடங்கிய ஹார்டு டிஸ்க். போய்விட்டது என்று சொல்லப்பட்ட மதர்போர்டு இன்றும் ஓடுகிறது. கடைசிக் கோளாறை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ கணக்கு மொத்தமும் போயிருக்கலாம்.

பொதுவாகப் பழைய கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ்., சாட்டா கேபிள், பேட்டரி, தெர்மல் பேஸ்ட் ஆகியவற்றுக்குச் செலவு செய்யலாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டால் வேகமும் நன்கு கூடும். பின்னாளில் வேறு கம்ப்யூட்டருக்கும் அதை மாற்றிக்கொள்ளலாம். டிடிஆர்2 ராம், அதே மாடல் பழைய மதர்போர்டு ஆகியவற்றுக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். அவை வேறு எதற்கும் பயன்படாது. ஆதரவு நின்றுபோன விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை செய்யாதீர்கள். கணக்கு எழுத, பிள்ளைகள் டைப்பிங் பழக அது தாராளமாகப் போதும்.

கடைக்காரரிடம் என்ன கேட்பது?

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்பதில்லை. நல்ல டெக்னீஷியன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கும்போது மூன்று கேள்விகளை மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்.

1. ராம் இல்லாமல் ஆன் செய்தபோது பீப் சத்தம் வந்ததா?

2. வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்த்தீர்களா?

3. ஹார்டு டிஸ்க்கில் சி5 எவ்வளவு காட்டுகிறது?

சோதித்துப் பார்த்தவர் மூன்றுக்கும் உடனே பதில் சொல்லிவிடுவார். அவர் போர்டு போய்விட்டது என்று சொன்னால் நம்பலாம். பதில் வரவில்லை என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.